பிள்ளைகளின் பிறந்தநாள் ஒரு நாள், உறவினர் விருந்து இன்னொரு நாள்

பாலக்கோட்டிலிருந்து நான்கு மாதங்களுக்கு முன் இங்கிலாந்துக்குக் குடிபோன தங்கை ஒருவர், ஜூலையில் தம் மகனுக்கு ஆறு வயது நிறைகிறது என்றும், பிறந்தநாளை அங்கே எப்படி நடத்துவது என்று புரியவில்லை என்றும் எழுதியிருந்தார். "ஊர்ல மண்டபம் பிடிச்சு, சமையல்காரருக்கு முன்பணம் குடுத்துட்டா முடிஞ்சுது அக்கா, இங்க எதுல தொடங்குறதுன்னே தெரியல" என்ற அவருடைய வரியைப் படித்தபோது, நான் மாம்பழ சீசனுக்காக வந்து காவேரிப்பட்டணத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். அதற்கு முந்தின நாள்தான் கிருஷ்ணகிரியில் உறவினர் வீட்டுப் பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குப் போய் வந்திருந்தேன். மூன்று பந்தி நடந்தது. கேக் வெட்டும் நேரத்தில் குழந்தை தாத்தாவின் தோளில் தூங்கிவிட்டது, அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. உறவு கூடுவதற்காக நடந்த விழா அது, அந்த வகையில் நிறைவாகவே நடந்தது.

இங்கிலாந்தில் பள்ளித் தோழர்களை அழைத்து நடத்தும் பார்ட்டிக்கு நோக்கம் வேறு. இரண்டு மணி நேரம் பிள்ளைகள் ஓடியாடி விளையாடி, ஏதாவது கொறித்து, கேக் வெட்டியதும் வீடு திரும்புவார்கள். ஒன்பது ஆண்டுகளாக அங்கே இருந்து, இரண்டு பிள்ளைகளுக்கும் பலமுறை பிறந்தநாள் நடத்தியவள் என்ற முறையில் நான் முதலில் சொல்வது, இந்த இரண்டு விழாக்களையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்பதுதான்.

என் மகளின் ஐந்தாவது பிறந்தநாளில் நான் அதைத்தான் செய்தேன். இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் ஒன்பது பேர், அவர்களுடன் வந்த பெற்றோர், நம் ஊர்க் குடும்பங்கள் ஏழு என நாற்பது பேருக்கு மேல் நின்றோம். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. வந்திருந்த ஒரு சிறுவன், அம்மா ஊரிலிருந்து அனுப்பியிருந்த கடலை மிட்டாயைத் தட்டிலிருந்து எடுத்து வாயருகே கொண்டுபோன நொடியில், அவனுடைய தாய் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார். அவனுக்கு நிலக்கடலை ஆகாது, அவசரத்துக்குப் போடும் ஊசி அவர் கைப்பையில் எப்போதும் இருக்கும் என்று பிறகுதான் அறிந்தேன். அந்தத் தட்டை அங்கே வைத்தது என் கைதான். என் மகளோ, கேக் வெட்ட அழைத்தபோது, சத்தம் தாங்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

எத்தனை பேரை அழைப்பது என்பதிலிருந்து தொடங்குவோம். இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் முதல் மூன்று ஆண்டு வகுப்புகளில் ஓர் ஆசிரியரிடம் 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால், உங்கள் மகனின் வகுப்பிலும் ஏறக்குறைய அத்தனை பேர் இருப்பார்கள். வகுப்பு முழுவதையும் அழையுங்கள், அல்லது நெருங்கிய எட்டுப் பத்துப் பேரை மட்டும் அழையுங்கள். இருபத்தைந்து பேரை அழைத்து ஐந்து பேரை விட்டுவிட்டால் அந்த ஐந்து பிள்ளைகளுக்கு மனம் வலிக்கும். வந்து ஓராண்டுகூட ஆகாத குடும்பத்துக்குப் பத்துப் பேரே போதும் என்பது என் கருத்து. நான்கைந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று கணக்கிட்டு, உதவிக்கு வருவோரை இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். அவர்களில் ஒருவருக்கு வாசலைப் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வேலை கொடுக்காதீர்கள். வாடகைக் கூடங்களின் கதவு பெரும்பாலும் நேரே கார் நிறுத்துமிடத்தில் திறக்கும், ஆறு வயதுப் பிள்ளை ஓடிவிட ஒரு நிமிடம் போதும்.

அழைப்பில் தொடங்கும் நேரத்தைப் போலவே முடியும் நேரத்தையும் எழுத வேண்டும். "ரெண்டு மணிக்கு வந்து சாப்பிட்டுட்டு மெதுவா போங்க" என்று நாம் அன்போடு சொல்வது அங்கே குழப்பத்தையே உண்டாக்கும். 2 மணி முதல் 4 மணி வரை என்று தெளிவாகப் போடுங்கள். பெற்றோர் கூட இருக்க வேண்டுமா, விட்டுவிட்டுப் போகலாமா, தம்பி தங்கையரும் வரலாமா, உணவில் ஒவ்வாமை உண்டா, எந்தத் தேதிக்குள் பதில் தர வேண்டும் ஆகிய எல்லாவற்றையும் அதிலேயே தெளிவாக்கிவிடுங்கள். இன்னொரு நாள் விருந்துக்கு அழைக்கும் நம்மவர்கள் "பாக்கலாம், வந்துடறோம்" என்று சொல்வது வருவேன் என்பதற்கும் வரமாட்டேன் என்பதற்கும் பொதுவான பதில் என்பதால், அவர்களிடம் மட்டும் ஒரு வாரம் முன்னதாக நேரடியாகப் பேசிக் கேட்டுக்கொள்வது நல்லது.

கூடத்தை வாடகைக்கு எடுத்தால் விழா நேரத்துக்கு மட்டும் எடுக்காதீர்கள். மேசைகளைப் போட ஒரு மணி நேரமும், பெருக்கி எடுக்க அரை மணி நேரமும் சேர்த்து மூன்றரை மணி நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள். குப்பையை நாமே எடுத்துச் செல்ல வேண்டுமா, மெழுகுவர்த்தி ஏற்ற அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். வீட்டிலேயே நடத்துவதானால் ஆட்களைக் குறையுங்கள், அவ்வளவுதான்.

உணவு விஷயத்தில்தான் நம் அம்மாக்களும் மாமியார்களும் தொலைபேசியில் நம்மைக் கலங்கடிப்பார்கள். "பிள்ளைங்களுக்கு வெறும் பிஸ்கட்டா போடுவ?" என்று கேட்பார்கள். விளையாட்டு மும்முரத்தில் இருக்கும் ஆறு வயதுப் பிள்ளை மிகக் கொஞ்சமே சாப்பிடும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். எட்டுத் துண்டாக வெட்டிய பெரிய பீட்சா ஒன்று நான்கு பிள்ளைகளுக்குப் போதும், பத்துப் பேருக்கு மூன்று வாங்கினால் மிச்சம் வரும். அதனுடன் வெள்ளரித் துண்டுகளும் நீளவாக்கில் நான்காக நறுக்கிய திராட்சையும் இருக்கட்டும், முழுத் திராட்சை சிறு பிள்ளைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நம் உணவு ஒன்றாவது இருக்க வேண்டும் என்று விரும்பினால் குட்டி இட்லி வையுங்கள். பொடி வேண்டாம், சிறிது நெய் தடவினால் போதும், பால் ஆகாத பிள்ளை இருந்தால் அதுவும் வேண்டாம். என் மகனின் பிறந்தநாளில் பீட்சாவுக்கு முன் இட்லி தீர்ந்துபோனது.

ஒவ்வாமையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் அடுப்படி அந்தப் பட்டியலுக்கு மிக அருகில் இருக்கிறது. பிரிட்டனில் உணவு விற்பவர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 14. அவற்றில் பால், முட்டை, கோதுமை முதலான, குளூட்டன் என்னும் புரதம் உள்ள தானியங்களோடு நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், எள், கடுகு ஆகியவையும் உண்டு. தாளிப்பில் கடுகு, பொடியில் எள், நிப்பட்டு என்னும் தட்டையில் கடலை, பாயசத்தில் முந்திரி என்று நமக்குத் தெரியாமலே எல்லாம் வந்துவிடும். குளூட்டன் ஆகாத பிள்ளை ஒன்று வருகிறது என்று ஒருமுறை நான் அம்மா அனுப்பிய கேழ்வரகு மாவில் ஏதாவது சுடலாம் என்று முடிவு செய்தேன். கேழ்வரகில் குளூட்டன் இல்லைதான். ஆனால் நம் ஊர் மாவு மில்லில் அதற்கு முன் கோதுமை அரைத்திருப்பார்கள் என்பது சட்டென்று நினைவுக்கு வந்ததால் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். பெருங்காயத்தூளிலும் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு எதைக் கொடுக்கலாம் என்று அதன் தாயிடமே கேட்டு, அவர் சொல்லும் பாக்கெட்டைப் பிரிக்காமல் தனியாக வைத்துவிடுவதே நிம்மதி. பையில் போட்டுக் கொடுக்கும் மெல்லும் மிட்டாய்கள் பலவற்றில் பன்றி அல்லது மாட்டு ஜெலட்டின் இருக்கும். சைவக் குடும்பங்களும் இஸ்லாமியக் குடும்பங்களும் வருவதால் அதையும் பார்த்து வாங்குங்கள்.

விளையாட்டுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. வந்தவுடன் எல்லோரும் சேரும்வரை காகிதக் கிரீடத்துக்கு வண்ணம் தீட்டக் கொடுங்கள். பிறகு பத்து நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். பாட்டு நின்றதும் சிலையாக நிற்கும் ஆட்டம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். குலை குலையா முந்திரிக்காவை நீங்கள் சொல்லிக்கொடுங்கள். வட்டமாக உட்காரவைத்து ஒரு துண்டைக் கொடுத்தால் இரண்டே சுற்றில் மொழி தெரியாமலே பிடித்துக்கொள்வார்கள். பாட்டு ஓடும்வரை பல உறை சுற்றிய பொட்டலத்தைக் கைமாற்றி, நின்றதும் கையில் வைத்திருப்பவர் ஓர் உறையைப் பிரிக்கும் ஆட்டத்துக்கு, ஊரிலிருந்து முறுக்கு சுற்றி வந்த தினத்தந்தித் தாள்களை நான் எடுத்துவைத்திருந்து பொட்டலம் கட்டினேன். ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு சிறு பரிசு. பாட்டு நின்று உறையைப் பிரித்த சிறுமி, பரிசை விட்டுவிட்டுத் தாளில் இருந்த "ழ" எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே "இது என்ன படம்?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த என் மகன் அது எழுத்து என்று சொல்லி, ஒலித்தும் காட்டினான். வீட்டில் தமிழில் பேசச் சொன்னால் முகம் திருப்புகிறவன் அவன்.

கேக்கை இறுதி இருபது நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள். மாலை 3.40-க்கு வெட்டினால், கோடையில் நான்கரை மணி நேர வித்தியாசம் என்பதால் பாலக்கோட்டில் இரவு 8.10 ஆகியிருக்கும், தாத்தாவும் பாட்டியும் காணொளியில் பார்த்து வாழ்த்தலாம். துண்டுகளைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி, விடைபெறும் பிள்ளைகளின் கையில் கொடுப்பது அங்குள்ள வழக்கம். பரிசுகளை விருந்தினர் முன் பிரிக்க வேண்டாம். இரவில் பிரிக்கும்போது மொய் நோட்டு எழுதுவதைப் போல யார் என்ன கொடுத்தார்கள் என்று குறித்துவைத்து, ஒரு வாரத்துக்குள் நன்றி சொல்லிவிடுங்கள். மற்றவர் பிள்ளைகள் இருக்கும் படங்களை அவர்களைக் கேட்காமல் எங்கும் பகிராதீர்கள்.

நம் ஊர்க் குடும்பங்களை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழையுங்கள். களி கிண்டி, கீரை கடைந்து, பருப்புப் பாயசம் வைத்து எத்தனை மணி வரை வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசுங்கள். முதல் ஆண்டில் என் மனம் ஏங்கியது உண்மையில் அதற்குத்தான், தங்கைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

விழாவுக்குக் கிளம்பும் முன் பையில் கத்தி, தீப்பெட்டி, குப்பைப் பை, ஒட்டுநாடா நான்கும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், தங்கை. கத்தியை மறந்துவிட்டு, கேக்கை நான் ஒருமுறை ஸ்கேலால் வெட்டியிருக்கிறேன்.