'டேக்' என்னும் ஒரு சொல்லும் தமிழில் அதற்கு வேண்டிய மூன்று சொற்களும்

மொழிபெயர்ப்பவர்:

அவையோர் அனைவர்க்கும் வணக்கம்.

தொலையியக்கப் பாய்ப்படகு கட்டவும் ஓட்டவும் கற்கும் மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வரும் திங்கட்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். படகுடல், சுக்கான், பாய்மரம், அடியில் தொங்கும் ஈயக்குண்டு ஆகியவற்றுக்குச் சொல் தேடி நான் அலையவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் என்னை நிறுத்தி வைத்திருக்கிறது.

ஆங்கிலத்தார் 'டேக்' என்பதை மூன்று பொருளில் ஆளுகிறார்கள். முக்கோணப் பாயின் கீழ்விளிம்பில் முன்பக்கம் அமையும் மூலை டேக். படகின் முகப்பு காற்று வரும் திசையைக் கடந்து மறுபக்கம் திரும்பும் செயலும் டேக். காற்றைப் படகு வலப்புறத்தில் வாங்குகிறதா இடப்புறத்தில் வாங்குகிறதா என்னும் நிலையும் டேக். இந்த மூன்றாம் பொருள்தான் பந்தய விதிகளின் முதுகெலும்பு. எதிரெதிர் நிலையில் இரு படகுகள் சந்தித்தால் காற்றை இடப்புறத்தில் வாங்கும் படகு விலக வேண்டும் என்பது 10ஆம் விதி. இரண்டும் ஒரே நிலையில் இருந்து ஒன்றையொன்று ஒட்டி ஓடினால் காற்றுக்கு அருகில் இருப்பது விலக வேண்டும் என்பது 11ஆம் விதி. என் கையேட்டின் ஒரே பத்தியில் இந்த மூன்று பொருளும் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றுக்கும் 'டேக்' என்றே எழுதினால் மாணவர் எதைக் கட்டுவது, எப்போது திருப்புவது, யாருக்கு வழிவிடுவது என்று திகைப்பார்.

திருப்பத்துக்குப் 'பாய்மாற்றம்', நிலைக்கு 'வலநிலை, இடநிலை' என எழுதி வைத்திருக்கிறேன். மூலைக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. அவையோர் கருத்தை வேண்டுகிறேன்.

படகு கட்டுபவர்:

பாய்மாற்றம் என்பதை அருள்கூர்ந்து கைவிடுங்கள். எங்கள் தொழிலில் பாய்மாற்றம் என்றால் உண்மையாகவே பாயை மாற்றுவதுதான். பெரிய கப்பலில் காற்று மிகுந்தால் பாயைச் சுருக்கிக் கட்டுவார்கள். சிறு படகில் நடுக்குளத்தில் பாய் சுருக்க ஆள் ஏது? படகைக் கரைக்குக் கொண்டுவந்து, மரத்தோடும் பாயோடும் ஒரு தொகுதியைக் கழற்றிவிட்டு, அதைவிடச் சிறிய தொகுதியை மாட்டுவோம். சர்வதேச ஒரு மீட்டர் என்னும் படகு வகுப்பில் இதற்காகவே மூன்று தொகுதிகள் ஏற்கப்பட்டிருக்கின்றன. கையேட்டின் பின்பகுதியில் இதற்குத் தனி இயலே இருக்கும். அங்கே என்ன சொல் போடுவீர்கள்?

காற்றுமாற்றம் என்று யாரேனும் சொல்ல வருவதற்கு முன்பே அதையும் மறுத்துவிடுகிறேன். காற்று தன் திசையிலிருந்து பத்துப் பாகை விலகி வீசுவதைக் காற்றுமாற்றம் என்கிறோம். பந்தயத்தை வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்தான் இருக்கிறது.

நிலையைக் குறிக்கும் சொல்லில் இன்னொரு தேவையும் உண்டு. அது கூவப்படும் சொல். ஓட்டுபவர் படகில் இல்லை, கரையில் நிற்கிறார். அவருக்கு முன்னால் பல படகுகள் ஒன்றையொன்று ஊடறுத்து ஓடுகின்றன. நீர்க்கோட்டு நீளம் ஏறத்தாழ 1 மீட்டர் உள்ள படகுடல், தான் எழுப்பும் அலையோடு போராடாமல் ஓடக்கூடிய வேகம் வினாடிக்குச் சுமார் 1.25 மீட்டர். எதிர்நிலைகளில் செங்கோணமாக வரும் இரு படகுகளுக்கு நடுவே 3 மீட்டர் இடைவெளி இருந்தால் அது இரண்டு வினாடிக்குள் மூடிவிடும். அதற்குள் பாயில் எழுதிய தன் எண்ணையும் நிலையையும் கூவி, எதிராளி கேட்டு, சுக்கான் குச்சியை நகர்த்த வேண்டும். பாய்எண்ணைக் கூவும்போது இலக்கங்களைத் தனித்தனியே சொல்ல வேண்டும் என்பது விதியே. 15 என்றால் 'ஒன்று ஐந்து' என்றுதான் கூவ வேண்டும், 'பதினைந்து' என்று கூவக்கூடாது. பதினைந்தும் பதினெட்டும் காற்றில் ஒன்றாகவே கேட்கும். அந்த அளவுக்குக் காதை நம்பி நடக்கும் ஆட்டம் இது. ஆகவே சொல் குறுகியதாகவும் தெளிவாகவும் இருக்கட்டும்.

இலக்கண ஆசிரியர்:

கூவப்படும் சொல் என்றதும் மாத்திரைக் கணக்குக்கு வேலை வந்துவிட்டது. வலப்பக்கத்தைக் குறிக்கும் 'ஸ்டார்போர்ட்' ஆறு மாத்திரை. 'வலவளி' என்று வைத்தால் நான்கே மாத்திரை. மறுநிலை 'இடவளி'. வளி நமக்குப் புதிய சொல் அன்று. 'நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி வளிதொழில் ஆண்ட உரவோன் மருக' என்னும் புறநானூற்று 66ஆம் பாடல், காற்றின் தொழிலைத் தன் ஆட்சிக்குள் கொண்டு கலம் செலுத்திய முன்னோனைப் போற்றுகிறது. 'வளிதொழில்' என்னும் தொடரையே பாயோட்டும் கலைக்குப் பெயராகக் கொள்ளலாம் என்பது என் நெடுநாள் எண்ணம்.

இன்னொன்றும் கருதத் தக்கது. ஸ்டார்போர்ட் என்பது பழைய ஆங்கிலத்தில் 'செலுத்தும் பக்கம்' என்று பொருள்பட்ட சொல். சுக்கான் துடுப்பை வலப்பக்கம் கட்டியதால் வலப்பக்கத்துக்கு அப்பெயர் வந்தது. தமிழிலும் செலுத்துபவன் வலவன். 'வலவன் ஏவா வானவூர்தி' என்று 27ஆம் புறப்பாட்டில் படிக்கிறோம். செலுத்தும் தொழிலும் வலப்பக்கமும் இரு மொழியிலும் ஒரே வேரில் கூடுவதைப் பாருங்கள். வலவளி என்னும் சொல்லில் 'வலவன்' மறைந்து நிற்கிறான். நீங்கள் தொலையியக்கப் பாய்ப்படகு என்று நீட்டி எழுதுவதை 'வலவன் ஏவா நாவாய்' என்றே சொல்லிவிடலாம்.

சுக்கான் அரபிச் சொல் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். கையேடு புதிதாக எழுதப்படும்போதே அதற்கும் ஒரு தமிழ்ச்சொல் அமைப்பது நல்லது.

வகுப்பு நடத்தும் ஆசிரியை:

ஐயாவின் மாத்திரைக் கணக்கை மதிக்கிறேன். ஆனால் வலவனை வலத்தோடு சேர்க்க என் மனம் ஒப்பவில்லை. வல்லமையைக் குறிக்கும் 'வல்' என்னும் அடியிலிருந்து வந்தவன் வலவன் என்று கொள்வதே நேரானது. தேரோட்டுவதில் வல்லவன் என்பதற்கு வலக்கை எதற்கு? 'வலவன் ஏவா' என்ற அடையும் இங்கே பொருந்தாது. இந்தப் படகுக்கு வலவன் உண்டு. கரையில் நின்று இரண்டு குச்சிகளை இயக்குகிறான். ஒரு குச்சி சுக்கானைத் திருப்பும், மற்றது பாய்க்கயிற்றை இழுக்கவும் தளர்த்தவும் செய்யும். அந்த இரண்டைத் தவிர அவனிடம் வேறு ஒன்றும் இல்லை. அவன் இல்லாமல் படகு ஒரு பாகைகூடத் திட்டமிட்டுத் திரும்பாது.

சுக்கானைத் தொட வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். மாணவர் அறிந்து வரும் சொற்கள் மிகச் சில. அவற்றையும் பிடுங்கிக்கொண்டால் முதல் வகுப்பு முழுவதும் சொல் கற்பிப்பதிலேயே கழியும்.

வலவளியில் எனக்குள்ள பெரிய தடை வேறு. ளகரத்தையும் ழகரத்தையும் பிரித்து ஒலிப்பவர் வகுப்பில் சிலரே. வேகத்தில் கூவினால் வலவளி 'வலவழி' என்றே கேட்கும். நிலையை அறிவிக்கும் கூவல் 'வலப்பக்கமாகப் போ' என்னும் கட்டளையாகிவிடும். கேட்டவன் வலப்பக்கம் ஒடித்தால் மோதல்தான். 'வலக்காற்று' என்று வைப்போம். ஐந்தரை மாத்திரை ஆகட்டும், அது ஆங்கிலச் சொல்லைவிடக் குறைவே. நடுவில் வரும் ககரமும் றகரமும் வல்லினம். காற்றடிக்கும் கரையில் அவை தேய்வதில்லை. காற்று, வளி இரண்டும் தமிழே என்பதால் தூய்மைக்கும் இழுக்கு இல்லை. மேலும், உரிமை உள்ள படகுதான் கூவ வேண்டியிருக்கும் என்பதால் 'இடக்காற்று' என்பதைக் கூவும் தேவை அரிதாகவே எழும்.

வலநிலை, இடநிலை என்பவற்றில் காற்றே இல்லை. படகு வலப்பக்கம் சாய்ந்த நிலையா, குளத்தின் வலப்பக்கம் நிற்கும் நிலையா என்ற கேள்வி உடனே வரும். உண்மையில் காற்றை வலத்தில் வாங்கும் படகு இடப்பக்கமே சாயும்.

பந்தய நடுவர்:

எல்லோரும் காற்றையே பெயராக்குகிறீர்கள். கரையில் நிற்பவருக்குக் காற்று தெரியாது, பாய் தெரியும். அதிலும் படகு அவரை நோக்கி வரும்போது படகின் வலம் அவருடைய இடமாகிவிடுகிறது. புதியவர் அந்த நொடியில் காற்று எந்தப் பக்கம் என்று மனத்தில் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார். பாயைத் தாங்கும் கிடைத்தண்டு படகின் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்பதோ ஒரே பார்வையில் புலப்படும். ஆகவே 'இடப்பாய், வலப்பாய்' என்று பெயரிடுவதே ஏற்றது. கண்ணால் கண்டதைச் சொல்லாக்குவோம். காற்றை நேர்பின்னால் வாங்கி ஓடும்போது காற்று எந்தப் பக்கம் என்பதை விதியே பெரும்பாய் கிடக்கும் பக்கத்தைக் கொண்டுதான் முடிவுசெய்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

படகு கட்டுபவர்:

நடுவர் ஐயா சொன்ன அந்த இடத்திலேயே பெயர் உடைகிறது. நேர்பின் காற்றில் ஓடும்போது பெரும்பாயை ஒரு பக்கமும் முன்பாயை மறுபக்கமும் விரித்துச் செல்வதே சிறந்த ஓட்டம். பெரும்பாய் முன்பாயை மறைக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறோம். அப்போது அது இடப்பாயா வலப்பாயா? பெரும்பாயைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு விளக்கம் சேர்ப்பீர்கள். விளக்கம் கேட்கும் சொல்லைக் கூவிப் பயன் இல்லை.

இதைவிடப் பெரிய இடர் ஒன்றும் உண்டு. ஸ்டார்போர்ட் என்றால் வலம் என்று எல்லா அகராதியும் சொல்கிறது. காற்றை வலத்தில் வாங்கும்போது பாய் இடப்பக்கம் கிடக்கிறது என்று அந்த நிலைக்கு நாம் 'இடப்பாய்' எனப் பெயர் வைத்தால், நாளை மூல விதிகளைப் படிக்கும் மாணவருக்கு வழிவிட வேண்டியவரும் வழி பெற வேண்டியவரும் தலைகீழாகிவிடுவார்கள்.

நிலையைப் பற்றி இவ்வளவு போதும். திருப்பத்துக்கு வருகிறேன். முகப்பு காற்றைக் கடந்தால் முகத்திருப்பம். பின்புறம் காற்றைக் கடந்தால் புறத்திருப்பம். இரண்டாவதில் கிடைத்தண்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு விசிறி அடிக்கும். பலத்த காற்றில் பாய்க்கயிற்றை முதலில் இழுத்துக் கட்டுப்படுத்தாமல் திருப்பினால் படகு காற்றை நோக்கிப் பிய்த்துக்கொண்டு ஓடும். முதலாவதில் வேகம் போதாவிட்டால் முகப்பு காற்றுக்கு நேராக நின்று, பாய் படபடக்க, படகு அப்படியே செத்து நிற்கும். இரண்டின் ஆபத்தும் வேறு வேறு. பெயரைக் கேட்டவுடன் எந்த ஆபத்து என்பது நினைவுக்கு வர வேண்டும்.

இலக்கண ஆசிரியர்:

திரும்பு தன்வினை, திருப்பு பிறவினை. திருப்பம் என்பது பிறவினை அடியில் பிறந்தது போல் தோன்றினாலும் வழக்கில் இரண்டையும் தாங்குகிறது. சாலைத் திருப்பத்தை யாரும் திருப்பவில்லை. ஓட்டுபவர் படகைத் திருப்புகிறார், விதியோ படகு திரும்புவதாகவே பேசுகிறது. ஆகவே பெயர்ச்சொல்லாக முகத்திருப்பத்தை ஏற்கிறேன். வினையாக வரும்போது 'முகம் திரும்பியது' என்று எழுதாதீர்கள், சினந்து முகம் திருப்பிக்கொண்டதாகப் பொருள்படும். 'காற்றைக் கடந்து திரும்பியது' என்று விரித்து எழுதுங்கள். முகப்பு காற்றைக் கடந்தது முதல், காற்றை ஒட்டிய புதிய ஓட்டத்துக்கு வந்து சேரும் வரை பிறருக்கு வழிவிட வேண்டும் என்று 13ஆம் விதி சொல்வதற்கும் 'கடந்து' என்னும் எச்சம் துணை செய்யும்.

ளகர ழகரக் குழப்பத்துக்காக ஒரு சொல்லைத் தள்ளுவதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. நாவின் குறையைத் திருத்துவது ஆசிரியர் கடமை. சொல்லைக் குறைப்பது அதற்கு மாற்றாகாது.

மூலைக்குப் பழைய கப்பற்சொற்களைப் பார்க்கலாம். பாய்க்கயிறுகளுக்கு ஆஞ்சான், தாமான் என்னும் பெயர்கள் அகராதியில் உள்ளன.

வகுப்பு நடத்தும் ஆசிரியை:

ஆஞ்சான் பாயை மேலே ஏற்றும் கயிறு. இந்தச் சிறு படகுகளில் பாய் மரத்தோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கும், ஓடும்போது ஏற்றி இறக்கும் வேலை இல்லை. பயன்படாத பொருளுக்கு அழகிய பெயர் இருந்து என்ன செய்ய? மூலைகளை எளிமையாக எழுதுங்கள். மேலே உச்சிமூலை, கீழே மரத்தை ஒட்டியது முன்மூலை, கிடைத்தண்டின் கடைசியில் கட்டுவது பின்மூலை. பாயைத் தைக்கும்போது மூன்று மூலையிலும் ஒட்டுத்துணி வைத்து வலுவூட்ட வேண்டும். எந்த மூலைக்கு எவ்வளவு என்பதை மாணவர் படம் பார்க்காமலே இந்தப் பெயர்களைக் கொண்டு செய்துவிடுவார்.

மொழிபெயர்ப்பவர்:

அனைவர்க்கும் நன்றி. நாளை இரவுக்குள் பக்கங்களைக் கட்டி அனுப்ப வேண்டியிருப்பதால் என் முடிவை எழுதிவிடுகிறேன். நிலைக்கு வலக்காற்று, இடக்காற்று. செயலுக்கு முகத்திருப்பம், புறத்திருப்பம். மூலைக்கு முன்மூலை. வலவளி, இடவளி இரண்டையும் சொற்பட்டியலில் இணைச்சொற்களாகச் சேர்க்கிறேன், கூவலுக்குப் பரிந்துரைக்கவில்லை. சுக்கான் சுக்கானாகவே இருக்கும். 'முகத்திருப்பம் செய்தது' என்று வரவேண்டிய இடங்களை ஐயா சொன்னபடி 'காற்றைக் கடந்து திரும்பியது' என மாற்றிவிட்டேன். பத்தி உண்மையாகவே தெளிவடைந்திருக்கிறது.

பந்தய நடுவர்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. என் மறுப்பைச் சொற்பட்டியலில் குறிக்க வேண்டாம். ஆனால் வலக்காற்றுக்கான படத்தில் காற்றைக் காட்டும் அம்பு மட்டும் போதாது. கிடைத்தண்டு இடப்பக்கம் நீண்டிருப்பதைத் தடித்த கோட்டில் வரையச் சொல்லுங்கள். படகு பார்ப்பவரை நோக்கி வருவதாக ஒரு படமும், விலகிப் போவதாக ஒரு படமும் அருகருகே வேண்டும். நான் நடத்தும் பயிற்சியில் முதலில் தண்டைக் காட்டிவிட்டுப் பிறகே உங்கள் சொல்லைச் சொல்லுவேன்.