சிங்கப்பூர் – நியூயார்க் விமானப் பயணம்: இன்சுலின் நேரத்தைக் கணக்கிட உதவி தேவை

கேள்வி:
வணக்கம். வரும் ஜனவரியில் என் தந்தையாரைச் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கிற்கு நேரடி விமானத்தில் அழைத்துச் செல்கிறேன். பயணச்சீட்டில் இரவு 11.35க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 5.30க்குச் சேர்வதாக இருக்கிறது. பார்த்தால் ஆறு மணி நேரம் போலத் தோன்றுகிறது. தொலைவோ ஓரிடத்தில் 15,300 கி.மீ. என்றும் இன்னோரிடத்தில் 16,700 கி.மீ. என்றும் உள்ளது. அப்பா நாள்தோறும் இரவு 9 மணிக்கு, 24 மணி நேரம் வேலை செய்யும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். புறப்படும் நாளன்று வழக்கம்போல் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த நாளில் அங்குள்ள இரவு 9 மணிக்கு அடுத்த ஊசியைப் போட்டால் போதுமா?

மறுமொழி 1:
தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். சீட்டில் இருப்பவை அந்தந்த ஊரின் நேரங்கள். ஜனவரியில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 13 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், நீங்கள் இறங்கும் காலை 5.30 என்பது சிங்கப்பூரில் மாலை 6.30, ஆகவே பயண நேரம் 18 மணி 55 நிமிடம். அப்பாவின் அடுத்த ஊசிக்குரிய சிங்கப்பூர் இரவு 9 மணி, நியூயார்க்கில் அன்று காலை 8 மணி. அங்கே இரவு 9 வரை காத்திருந்தால் இரண்டு ஊசிகளுக்கு இடையே 37 மணி நேரம் ஓடிவிடும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, புறப்படுமுன் அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுமொழி 2:
தொலைவு பற்றி: இரண்டு எண்களும் சரியே. சிங்கப்பூரும் நியூயார்க்கும் உலக உருண்டையில் ஏறத்தாழ எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டியே செல்கிறது. சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை சுமார் 89 பாகை, அங்கிருந்து நியூயார்க் வரை சுமார் 49. மொத்தம் 138 பாகையை, பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் 15,300 வந்துவிடும். (உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கண்ணாலேயே காணலாம்.) ஆனால் விமானம் பெரும்பாலும் பசிபிக் கடலின் வடபகுதி வழியாகக் கிழக்கு நோக்கிப் பறக்கிறது, குளிர்காலத்தில் அங்கே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வலுவான மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், வழி நீண்டாலும் எரிபொருளும் நேரமும் மிச்சமாகின்றன. 16,700 என்பது அந்த நீண்ட வழியின் தொலைவு. எனவே தொலைவை வேகத்தால் வகுத்து ஊசி நேரத்தை முடிவு செய்யாதீர்கள். சீட்டிலுள்ள நேரங்களை ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்றிக்கொள்வதே நம்பகமானது.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. மருத்துவரிடம் தாளைக் காட்டினேன். இரண்டு வாரப் பயணம் என்பதால், நியூயார்க்கில் தினமும் காலை 8 மணிக்கே போடலாம் என்றார். திரும்பும் விமானம் இரவு 10.30க்குப் புறப்பட்டு, மூன்றாம் நாள் காலை 6.10க்குச் சேர்கிறது. அதற்கும் இதே கணக்குத்தானா?

மறுமொழி 1:
ஆம், 31 மணி 40 நிமிடத்திலிருந்து 13 மணி நேரத்தைக் கழித்தால் 18 மணி 40 நிமிடம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: புறப்பட்டு ஒன்பதரை மணி நேரத்தில் நியூயார்க்கின் காலை 8 மணி வரும், அப்போது நீங்கள் நடுவானில் இருப்பீர்கள். இன்சுலினையும் ஊசியையும் மருந்துச்சீட்டுடன் கைப்பையிலேயே வையுங்கள். சரக்கறையில் ஏற்றும் பெட்டியில் வைத்தால் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகக்கூடும். அப்பாவின் கைக்கடிகாரத்தை வீடு திரும்பும்வரை சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவைத்தால், அதில் சிங்கப்பூரின் இரவு 9 (நியூயார்க்கில் காலை 8) ஆகும்போதெல்லாம் ஊசி நேரம் என்று அவரே தெரிந்துகொள்வார்.