டீஹியூமிடிஃபையருக்கு ‘ஈரவாங்கி’: ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

டீஹியூமிடிஃபையருக்கு, அதாவது அறைக் காற்றின் ஈரத்தைக் குறைக்கும் கருவிக்கு, தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் பேசிவருகிறோம். இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: ஈரநீக்கி, ஈரமுறிஞ்சி, இலங்கை நண்பர் தந்த ஈரலிப்பகற்றி. நான்காவதாக ‘ஈரவாங்கி’யை முன்வைக்கிறேன். ஏன் என்று சொல்ல எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சென்னையில் தரைத்தளத்து வீடு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பொரித்த அப்பளம் தட்டுக்கு வருவதற்குள் நமுத்துவிடும். பீரோவைத் திறந்தால் முடை வாடை. போன வருடம் தோல் செருப்பின் மேல் சாம்பல் தூவியதுபோல் பூஞ்சணம் படர்ந்திருந்தது. காற்றின் ஈரத்தை அளக்கும் ஓர் ஈரப்பதமானியை வாங்கி மாட்டினேன். 28 டிகிரி வெப்பத்தில் 84 விழுக்காடு காட்டியது. 60-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது என்பார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தேன், முள் அசையவில்லை. வெளியே 25 டிகிரியில் மழைக்காற்று. அந்த வெப்பத்தில் ஈரம் நிறைந்த காற்று கன மீட்டருக்குச் சுமார் 23 கிராம் நீராவியைச் சுமக்கும். அறைக்குள் இருந்ததும் ஏறக்குறைய அதே 23 கிராம்தான். அப்புறம் எங்கிருந்து குறையும்?

கடைக்குப் போய், “காத்துல இருக்கிற ஈரத்தை எடுக்கிற மிஷின் இருக்கா?” என்று கேட்டேன். கடைக்காரர் ஏர் பியூரிஃபையரை எடுத்து வைத்தார். அது தூசியைப் பிடிக்கும். நீராவி அதன் வடிகட்டியில் நுழைந்து அப்படியே வெளியே வந்துவிடும். நானும் கேட்கத் தெரியாமல் கேட்டேன், அவருக்கும் புரிந்துகொள்ள ஒரு சொல் இல்லை. இந்தச் சொல் நமக்கு வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறுதியாகத் தோன்றியது.

பிறகு சரியான கருவியே கிடைத்தது. முதல் நாள் இரவு அறையைச் சாத்திவிட்டு ஓட விட்டேன். காலையில் தொட்டியில் ஏறக்குறைய மூன்று லிட்டர் தண்ணீர். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம், அதாவது 34 கன மீட்டர். கன மீட்டருக்கு 23 கிராம் என்றால் அந்தக் காற்றில் இருந்த மொத்த நீரே முக்கால் லிட்டர்தான். மிச்சம் மெத்தையிலிருந்தும் சுவரிலிருந்தும் பீரோவுக்குள் இருந்த துணிகளிலிருந்தும் கதவிடுக்கு வழியே வந்த காற்றிலிருந்தும் வந்தது. காற்று உலர உலர அவை தம் ஈரத்தை விட்டுக்கொடுக்கின்றன, கருவி வாங்கிக்கொண்டே இருக்கிறது.

இதனால்தான் ‘உறிஞ்சி’ எனக்கு ஒப்பவில்லை. அது சிலிக்கா ஜெல் பொட்டலத்துக்கும், பீரோவில் வைக்கும் கால்சியம் குளோரைடு டப்பாவுக்கும் பொருந்தும். அவை ஈரத்தைத் தமக்குள் இழுத்து வைத்துக்கொள்பவை. இந்தக் கருவி காற்றைக் குளிர்ந்த குழாய்மேல் ஓடவிட்டு, நீராவியைத் துளியாக்கித் தொட்டியில் இறக்குகிறது. பிறகு அதே காற்றைச் சற்றுச் சூடாக்கி அறைக்கே திருப்பிவிடுகிறது. ஏசி சூட்டை வெளியே தள்ளும், இது தள்ளாது. எனவே ‘குளிரூட்டி’யோடு சேர்த்துப் பெயர் வைப்பதும் தவறு. ‘நீக்கி’யில் பிழை இல்லை. ஆனால் நீக்கி என்றதும் அடியோடு போக்குவது என்ற எண்ணம் வருகிறது. இங்கே நாம் 84-ஐ 55-க்கு இறக்குகிறோம், அவ்வளவுதான்.

‘வாங்கி’ என்றால் கடையில் வாங்குவதுபோல் இருக்கிறதே என்று ஒருவர் கேட்கக்கூடும். காலில் தைத்த முள்ளை எடுக்கும் கருவி முள்வாங்கிதானே? கடல் உள்வாங்கியது என்கிறோம். உள்ளே தைத்திருப்பதைப் பக்குவமாக வெளியே இழுப்பது என்ற பொருள் அந்தச் சொல்லில் முன்பே இருக்கிறது. முள்வாங்கி, ஈரவாங்கி: சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கவில்லை.

‘ஓதவாங்கி’ என்றும் யோசித்தேன். சுவரில் ஏறும் ஈரத்தை என் அம்மா ஓதம் என்றுதான் சொல்வார். எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் ஓதம் பெரும்பாலும் தரையிலிருந்தோ குழாய்க் கசிவிலிருந்தோ வருவது. கசிவை அடைக்காமல் இந்தக் கருவியை ஓட்டினால் மின்கட்டணம்தான் ஏறும். பெயரே தவறான நம்பிக்கையைத் தரக் கூடாது என்பதால் விட்டுவிட்டேன்.

இதற்கு எதிராக, காற்றுக்கு ஈரம் கொடுக்கும் கருவியை (ஹியூமிடிஃபையர்) ‘ஈரமூட்டி’ என்று அழைக்கலாம்; குளிரூட்டி, நிறமூட்டி என்ற வரிசையில் தானாக வந்து உட்கார்கிறது. ஈரப்பதமானி விழுக்காட்டில் காட்டும் அளவை (ரிலேட்டிவ் ஹியூமிடிட்டி) ஒப்பு ஈரப்பதம் என்பதா, இலங்கைப் பாடநூல்களைப் போல் சாரீரப்பதன் என்பதா என்பதைத் தனி மடலில் பேசுவோம். குரலைக் குறிக்கும் சாரீரத்தோடு சாரீரப்பதன் குழம்புகிறது என்பது மட்டும் என் கவலை.

கோவை, திருப்பூர்ப் பக்கத்து நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நூற்பாலைகளில் இழை அறாமல் இருக்கக் காற்றுக்கு ஈரம் கொடுக்கிறார்களே, அந்த இயந்திரத்தை அங்கே வேலை பார்ப்பவர்கள் தங்களுக்குள் என்ன சொல்லி அழைக்கிறார்கள்? அவர்கள் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால், ‘ஈரமூட்டி’யை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.