மாலை ஐந்தரைக்கே ஸ்டுடியோவுக்குப் பூட்டு: எழுதிக் கொடுத்தால் திறப்பார்களா?

தாமிரத்தகடு கேட்கிறார்:

நுண்கலையில் இறுதியாண்டு படிக்கிறேன். அச்சுக்கலைதான் பிரதானம், செராமிக் துணைப்பாடம். போன பருவம் வரை எங்கள் ஸ்டுடியோக் கட்டடம் இரவு பதினொன்று வரை திறந்திருக்கும். இந்தப் பருவத்திலிருந்து மாலை ஐந்தரைக்கே பூட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பதே இல்லை. கதவில் ஒட்டிய தாளில் "பாதுகாப்பு மற்றும் பொறுப்புக் காரணங்களுக்காக" என்று ஒரே ஒரு வரி. விபத்து எதுவும் நடந்ததாக எங்களுக்குத் தெரியாது. அலுவலகத்தில் துருவிக் கேட்டதில், இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது ஏதோ கேள்வி வந்ததாம், அவ்வளவுதான் சொன்னார்கள்.

வகுப்பு முடியவே நாலரை ஆகிவிடுகிறது. மிச்சம் ஒரு மணி நேரம். தகட்டில் மை ஏற்றி, துடைத்து, நனைத்த தாளை வைத்து பிரஸ்ஸில் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதற்குள் காவலாளி விளக்கை அணைக்க வந்து நிற்கிறார். விடுதி அறையில் செய்துகொள்ளுங்கள் என்கிறார் ஒரு பேராசிரியர். பிரஸ்ஸைக் கட்டிலுக்கு அடியிலா வைப்பது? மூன்று பெண்கள் படுக்கும் அறையில் டர்பன்டைன் டப்பாவைத் திறந்து வேலை செய்வது மட்டும் பாதுகாப்பா?

நாங்கள் எல்லோரும் சேர்ந்து, "எங்களுக்கு ஏதாவது நடந்தால் கல்லூரி பொறுப்பல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். கடிதம் தயார். அடுத்த வாரம் முதல்வரைப் பார்க்கப் போகிறோம். இது எடுபடுமா? உங்கள் கல்லூரிகளில் என்ன ஏற்பாடு?

வண்ணக்கிறுக்கன்:

எங்கள் கல்லூரியிலும் இதே கூத்துதான். மனு, சந்திப்பு என்றெல்லாம் போனால் பட்டம் வாங்கும் வரை பதில் வராது. நாங்கள் பின்பக்கக் கதவுக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வைத்துவிடுவோம். சாப்பிட்டுவிட்டு வந்து விடியும் வரை வேலை. இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

சூளைக்காவலன்:

கலைக் கல்லூரியில் ஸ்டுடியோ டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்ததால் இந்தச் சண்டையில் மாணவர்களும் திட்டுவார்கள், அலுவலகமும் திட்டும்.

வண்ணக்கிறுக்கன் தம்பி, அந்தக் கட்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தீ பரவாமல் தடுக்கிற கதவாக அது இருந்தால், முட்டுக் கொடுத்த வழியாகத்தான் புகை படிக்கட்டுக்கு வரும். அதைவிட மோசம், நீங்கள் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது. தேடிக்கொண்டு எவரும் வரப்போவதில்லை.

தாமிரத்தகடு, அந்தக் கடிதத்தை முதல்வரிடம் நீட்டாதேம்மா. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், சரி. ஆனால் பிரிட்டனில் 1977-இல் வந்த நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம், கவனக்குறைவால் ஒருவர் செத்தாலோ காயம் பட்டாலோ அந்தப் பொறுப்பை ஒரு தாளில் எழுதித் தட்டிக்கழிக்க முடியாது என்றே சொல்கிறது. வேறு பல இடங்களிலும் அலட்சியம் பெரிதாக இருந்தால் அந்தக் காகிதம் நிற்காது. பதினெட்டு வயது ஆகாதவர் போட்ட கையெழுத்துக்குப் பெரும்பாலும் மதிப்பே இல்லை. தீயை அணைக்க வந்தவருக்கு ஏதாவது ஆனால்? அவர் உன் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லையே. அப்புறம், "ஏதாவது நடந்தால்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், நடக்கக்கூடியது என்னவென்று தெரிந்துதான் கேட்கிறார்கள் என்று முதல்வர் எடுத்துக்கொள்வார்.

நிர்வாகம் எதற்குப் பயப்படுகிறது என்று தெரிந்துகொண்டு போ. உளி விரலைக் கிழித்ததற்கு யாரும் கட்டடத்தைப் பூட்டுவதில்லை. 2011 ஏப்ரலில் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி ராத்திரி தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது தலைமுடி இயந்திரத்தில் சிக்கி இறந்துபோனார். அது வேதியியல் கட்டடத்துப் பட்டறை, கலை ஸ்டுடியோ அல்ல. ஆனால் மரப்பட்டறையோ உலோகப் பட்டறையோ வைத்திருக்கும் எந்தக் கல்லூரியும் அந்தச் செய்தியை மறக்காது. அதற்குப் பிறகு அங்கே கண்காணிப்பாளர் இல்லாமல் இளநிலை மாணவர்கள் அந்த மாதிரி இயந்திரங்களைத் தொட முடியாது என்று ஆனது.

இன்னொரு பயம் தீ. அதில்தான் உங்கள் நிர்வாகம் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறது என்பேன். எட்சிங்கில், அதாவது அமிலத்தால் அரித்த தகட்டிலிருந்து அச்செடுப்பதில், நீ பூசும் மையில் இருப்பது ஆளிவிதை எண்ணெய். அது காற்றோடு சேர்ந்து காயும்போது வெப்பம் விடும். துடைத்த கந்தலைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே ஏறி, சில மணி நேரம் கழித்து தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று எரிந்தது. மர வேலைக்காரர்கள் 22-ஆம் மாடியில் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்க் கந்தல்தான் காரணம். சனிக்கிழமை இரவு, அலுவலகங்களில் வேலை செய்கிறவர்கள் யாரும் உள்ளே இல்லை. தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். 30-ஆம் மாடியில் தண்ணீர்த் தெளிப்பான்கள் இருந்ததால்தான் தீ அங்கே நின்றது.

இப்போது யோசித்துப் பார். ஐந்தரைக்குப் பூட்டு என்றால் ஐந்தே காலுக்கு முப்பது பேர் ஒரே நேரத்தில் அவசர அவசரமாகச் சுத்தம் செய்வார்கள். கந்தலை எங்கே போட்டோம் என்று யார் பார்ப்பார்கள்? களிமண் அறையில் ஈரத்துணியால் துடைக்கப் பொறுமை இல்லாமல் துடைப்பத்தை எடுத்து வறட்டுத் தூசியைக் கிளப்புவார்கள், அதில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. அப்புறம் கட்டடம் பதினாலு மணி நேரம் ஆளில்லாமல் கிடக்கும். முதல்வரிடம் இதைச் சொல்லு. பகலில் ஆள் இருந்தால் மட்டும் தீப்பிடிக்காதா என்று அவர் கேட்டால், பிடிக்கும். 2014 மே மாதம் கிளாஸ்கோ ஸ்கூல் ஆஃப் ஆர்ட்டில், ஃபோம் டப்பாவிலிருந்து வந்த வாயு சூடான புரொஜெக்டரில் பட்டுப் பட்டப்பகலில் பற்றியது. கட்டடக் கலைஞர் மெக்கிண்டோஷ் வடிவமைத்த நூலகமே போயிற்று. ஆனால் உடனே தெரிந்தது, எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

ஆகவே "ஸ்டுடியோவைத் திறங்கள்" என்று மொத்தமாகக் கேட்காதே. அறை அறையாகக் கேள். வரைபடம், அக்ரிலிக், களிமண்ணைக் கையால் வனைவது, லினோ செதுக்குவது, கையால் சுற்றும் பிரஸ், இதெல்லாம் இரவு பத்து வரை, கட்டடத்தில் குறைந்தது இரண்டு பேர் இருந்தால். ரம்பம், லேத், வெல்டிங், ரெசின், சூளை ஏற்றுவது எல்லாம் டெக்னீஷியன் இருக்கும்போது மட்டும், மற்ற நேரம் மின் இணைப்பே பூட்டில். அமிலத்தைப் பற்றிப் பேரமே பேசாதே. நைட்ரிக் அமிலம் தாமிரத்தைத் தின்னும்போது எழும் பழுப்புப் புகையைச் சுவாசித்தவர் அப்போதைக்குக் கொஞ்சம் இருமிவிட்டு அறைக்குப் போய்ப் படுப்பார். மூச்சுத் திணறல் பல மணி நேரம் கழித்துக்கூட வரும். தனியாக ராத்திரியில் அதை யார் கவனிப்பது?

இரவு நேரத்துக்கு ஒரு மூத்த மாணவரைப் பொறுப்பாளராகப் போட்டு, அதற்குச் சம்பளமும் கொடுக்கச் சொல். கந்தலுக்கு மூடி போட்ட உலோகத் தொட்டி, உள்ளே தண்ணீர், தினமும் காலி செய்ய வேண்டும். அதை நீங்களே வாங்கி வைத்துவிட்டுப் பேசப் போனால் இன்னும் நல்லது.

கோப்புக்காரி:

ஒரு கல்லூரியின் நிர்வாக அலுவலகத்தில் காப்பீட்டுக் கோப்பைப் பார்த்தவள் நான். சூளைக்காவலன் ஐயா சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் இழுபறி இருக்கும்.

காப்பீட்டு நிறுவனம் எங்களிடம் ஒரு தடவைகூட "மூடுங்கள்" என்று சொன்னதில்லை. கேள்விதான் அனுப்பும். வேலை நேரத்துக்குப் பிறகு கட்டடத்தில் யார் இருக்கிறார்கள்? எந்த இயந்திரத்துக்கு யாருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், பதிவேடு உண்டா? தீப்பற்றும் திரவம் எவ்வளவு, எந்த அலமாரியில்? இயந்திரத்தின் அவசர நிறுத்தப் பொத்தான் வேலை செய்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பதில் எழுத ஆள் கிடைக்காது. துறைத் தலைவர் டெக்னீஷியனைக் கை காட்டுவார், அந்தப் பதவியே காலியாக இருக்கும். கடைசியில் "ஐந்தரைக்குப் பூட்டிவிடுகிறோம்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவது எல்லோருக்கும் சௌகரியம். உங்கள் கல்லூரியிலும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். அந்தக் கேள்விகளின் நகலைக் கேட்டு வாங்கி, பதிலை நீங்களே வரைவாக எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் யார் கற்றுக்கொடுத்தது, என்றைக்கு, கற்றவர் செய்து காட்டினாரா என்று இருக்கும் ஒரு நோட்டு, நூறு பேர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைவிட எங்களுக்கு உபயோகமானது.

இழுபறி சம்பளப் பொறுப்பாளர் விஷயத்தில். சம்பளம் கொடுத்த அந்த நிமிடமே அந்த மாணவர் ஊழியர் ஆகிவிடுவார். ஊழியருக்குக் காயம் பட்டால் அதற்குச் சட்டம் வேறு, காப்பீடும் வேறு. அலுவலகம் அங்கேதான் பின்வாங்கும், "சும்மா தன்னார்வமாகப் பார்த்துக்கொள்ளட்டுமே" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐயா சொன்ன யேல் சம்பவத்திலேயே, லேத்தில் தேவையான தடுப்புகள் இல்லை என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பு கடிதம் எழுதியது. பல்கலைக்கழகம் அதை மறுத்தது. ஆனால் இறந்தவர் மாணவி, ஊழியர் அல்ல என்பதால் அந்த அமைப்புக்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரமே இருக்கவில்லை. இரவில் மற்றவர்களுக்குப் பொறுப்பேற்கிற பிள்ளைக்கு ஊழியருக்கு உள்ள பாதுகாப்பு வேண்டாமா?

தாமிரத்தகடு:

கடிதத்தைக் கிழித்தாயிற்று ஐயா. கோப்புக்காரி அக்கா, கேள்விகளின் நகலை நாளைக்கே கேட்கிறேன். இரண்டு சிக்கல். எங்கள் அமிலத் தட்டும் பிரஸ்ஸும் ஒரே அறையில்தான். அறையைத் திறந்தால் இரண்டுமே திறந்த மாதிரி. அப்புறம் சூளை. பிஸ்க், அதாவது மெருகு பூசுவதற்கு முந்தைய முதல் சுடல், ஏற்றினால் எப்படியும் மாலை ஐந்தரையைத் தாண்டி ஓடும். அதை யார் பார்ப்பது?

சூளைக்காவலன்:

ஒரே அறை என்றால் நைட்ரிக்கை விட்டுவிட்டு ஃபெரிக் குளோரைடுக்கு மாறச் சொல்லிக் கேளுங்கள். தாமிரத்துக்கு அது நன்றாகவே வேலை செய்யும், அந்தப் பழுப்புப் புகை வராது. அதுவும் அரிக்கக்கூடியதுதான், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் வேண்டும். மூடியுள்ள தொட்டியில் வைத்து மாலையில் பூட்டு. நைட்ரிக் கட்டாயம் வேண்டும் என்று பேராசிரியர் பிடிவாதம் பிடித்தால், டர்பன்டைன் இருக்கும் அறையில் அது இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் வெடித்துச் சீறும்.

சூளையைக் காலை ஏழு மணிக்கே போடச் சொல். 1000 டிகிரிக்குப் போக எட்டிலிருந்து பத்து மணி நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் மாலைக்குள் உச்சம் தொட்டு அணைந்துவிடும், இரவு ஆறுவதற்கு. ஆறும் சூளைக்குப் பக்கத்தில் ஆள் உட்கார வேண்டியதில்லை. உச்சத்தில் அணைந்ததா என்று கண்ணால் பார்க்கத்தான் ஆள் வேண்டும். வெப்பமானி பழுதானால் கட்டுப்பாட்டுப் பெட்டி தவறாகப் படித்துக்கொண்டு மேலே மேலே ஏற்றிக்கொண்டே போகும். அப்போது சூளையை அணைக்கத் தனியாக ஒரு டைமர் இருக்கிறதா என்று பார். எரியும்போது மண்ணிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், எக்ஸாஸ்ட் ஓடாமல் அந்த அறையில் யாரும் உட்காரக் கூடாது. அலுவலகத்துக்கு எழுதும்போது அணைந்ததைப் பார்த்தவர் பெயரும் நேரமும் எழுத ஒரு தாள் சூளைக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் என்று சேர்த்துக்கொள். கோப்புக்காரி அம்மாவின் ஆட்களுக்கு அந்த மாதிரித் தாள் ரொம்பப் பிடிக்கும்.