ஏரிக்குள்ளே ஒரு ஊர்: இரக்கம் தீவு போனவர்கள் சொல்லுங்கள்

பழவேற்காட்டு ஏரியைப் பற்றி இந்தக் குழுவில் நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். டச்சுக் கல்லறை, கலங்கரை விளக்கம், இறால் வறுவல் எல்லாம் வந்தாயிற்று. அதே ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதனால் என் பங்குக்கு இரக்கம் தீவு.

தடா மண்டலத்தில் இருக்கும் தீவு இது. 2022 வரை நெல்லூர் மாவட்டம், இப்போது திருப்பதி. ஆரம்பாக்கம் தாண்டி எல்லையைக் கடந்தால் பீமுனிவாரிபாளையம், அங்கிருந்து படகு. பெயர்ப் பலகை எல்லாம் தெலுங்கு, படகில் பேச்செல்லாம் தமிழ். மீன் கூடையோடு ஏறிய அக்கா ஒருவர் போனில் தெலுங்கில் விலை பேசிவிட்டு, அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "எந்த ஊருப்பா நீ? யார் வீட்டுக்கு?" என்றார். யார் வீட்டுக்கும் இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றதும் படகே சிரித்தது.

நான் போனது சித்திரை மாதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறையும் ஏரி, தை முடிந்ததும் இறங்க ஆரம்பித்துவிடும். கோடையில் வடக்குப் பக்கம் பல இடம் வெடித்த தரைதான், மேலே உப்புப் பூத்திருக்கும். மிச்சமிருக்கும் தண்ணீரும் கடலை விட அதிகமாகக் கரிக்கும். பாதி வழியில் இன்ஜினைத் தூக்கிவிட்டுக் கழி போட்டார்கள். அப்புறம் கழியும் சேற்றில் புதைய ஆரம்பித்தது. "தம்பி, எறங்கி ஒரு கை குடுப்பா." முழங்கால் தண்ணீர், அதற்குக் கீழே முழங்கால் சேறு. எனக்கு முன்னால் பள்ளிக்கூடப் பையன்கள் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு குதித்தாகிவிட்டது. தீவு என்றால் புயலுக்கும் அலைக்கும்தான் பயப்படுவார்கள் என்று நினைப்போம். இங்கே பயமே தண்ணீர் குறைவதற்குத்தான். பிரசவ வலி வந்தாலும் சரி, அரிசி மூட்டை ஏற்றினாலும் சரி, முதல் கேள்வி "தண்ணி எவ்ளோ இருக்கு?"

கரைக்குக் கொஞ்சம் முன்னால் பார்த்த ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். யானாதிப் பழங்குடிப் பெண்கள் சிலர் ஆழமில்லாத தண்ணீரில் தவழ்ந்தபடி வந்துகொண்டிருந்தார்கள். வலை கிடையாது. பறி என்னும் மீன் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்திருக்கிறார்கள், இரண்டு கையும் சேற்றைத் துழாவுகிறது. விரலில் இறால் தட்டுப்பட்டதும் அமுக்கிப் பிடித்து, தலையை லேசாகச் சாய்த்துப் பறிக்குள் போடுகிறார்கள், பார்வை தண்ணீரை விட்டு நகர்வதே இல்லை. வாயில் கயிறு இருப்பதால் எது கேட்டாலும் 'ம்' தான் பதில். கரையேறிய ஒருவரின் விரல் நுனிகளைப் பார்த்தேன். மட்டி ஓடு கிழித்த கோடுகள், பழையதும் புதியதுமாக. சென்னை மார்க்கெட்டில் இறால் விலைக்குப் பேரம் பேசுவதை நான் அதோடு விடவில்லை, பொய் சொல்வானேன். ஆனால் அந்த விரல்கள் ஞாபகத்துக்கு வருகின்றன.

ஊர் சின்னதுதான். வலை காயும் வேலி, மணல், வெயில். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் போவதை வாசலில் நின்றே பார்க்கலாம். முதலில் வெளிச்சம், சத்தம் நிதானமாகப் பின்னால் வந்து தகரத்தை ஆட்டிவிட்டுப் போகுமாம். 1971இல் அங்கே முதல் சோதனை ராக்கெட் விட்ட காலத்திலிருந்து பார்ப்பதாகச் சொன்ன பெரியவரிடம், "அங்கே ராக்கெட், இங்கே பாலம்கூட இல்லையே தாத்தா" என்று ஆரம்பித்தேன். வருகிறவர்கள் எல்லாரும் இதையே கேட்பார்கள் போல. கையை வீசித் தள்ளிவிட்டார். "பாலம் வந்தா நல்லது, பசங்களுக்கு ஆவும். ஆனா ராயதொருவு மொகத்துவாரத்துல மண்ணு மேவிக் கெடக்குது. மொகத்துவாரம் தொறந்தாத்தான் கடல் தண்ணி உள்ள வரும், எறா குஞ்சு வரும். பாலத்துல நின்னு வெறும் சேத்தப் பாக்கவா?" பக்கத்திலிருந்த பேரன் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்குப் பாலம்தான் வேண்டும், வேலைக்குப் போய்வர. அந்தச் சண்டை நான் கிளம்பும்வரை ஓயவில்லை.

* * *

இரக்கம் பற்றி மேலே எழுதியவருக்கு: நான் பழவேற்காடு பக்கம். பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் பக்க முகத்துவாரமும் கோடையில் தூர்ந்துபோகும், நாங்களே இறங்கி மண் வாரிய வருஷம் உண்டு. நீங்கள் போகும்போது பாடு பற்றி விசாரித்தீர்களா? எங்கள் குப்பங்களில் சுத்துவலை கட்டும் இடங்களைப் பாடு என்று பிரித்து வைத்திருக்கிறோம். எல்லா இடமும் ஒன்றுபோல் இருக்காது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் இறால் கொட்டும், தள்ளிப் போனால் சொற்பம். அதனால் சீட்டுப் போட்டு முறை வைத்து மாற்றிக்கொள்வோம், இன்று எனக்கு நல்ல இடம் என்றால் அடுத்து உனக்கு. தலைக்கட்டாக, அதாவது இந்த முறையில் உறுப்பினராகச் சேர்ந்தவருக்குத்தான் சீட்டு. சீட்டில் இடம் இல்லாதவர்கள் முணுமுணுப்பார்கள், அதுவும் உண்மை. இதையே பெரிய படிப்புப் படித்தவர்கள் வந்து ஆராய்ச்சி செய்து எழுதிக்கொண்டு போகிறார்கள். ஆந்திரக் குப்பங்களோடு வலைத் தகராறும் வரும், கல்யாணப் பத்திரிகையும் வரும். என் சித்தியைக் கொடுத்ததே தடா பக்கம்தான்.

* * *

குழந்தைகளோடு போகலாமா என்று கேட்டிருந்தவருக்கு: கோடையில் வேண்டாம், நிழலே கிடையாது. தை, மாசியில் போங்கள், பூநாரைகளும் இருக்கும், படகும் தரைதட்டாது. ஆனால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள், கூட்டம் அதிகமென்றால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். 2011 டிசம்பர் 25இல் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனது இதே ஏரியில்தான். முழங்கால் தண்ணீர்தானே என்று நம்பி இறங்கவும் வேண்டாம், நடுவில் ஓடைபோல ஆழமான இடங்கள் இருக்கின்றன. குடிக்கத் தண்ணீர் நீங்களே கொண்டுபோங்கள். ஊர்க்காரர்களிடம் கேட்டால் கொடுத்துவிடுவார்கள், அவர்களுக்கே அது கஷ்டம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.