மிதந்து போகும்போது ஆக்சிலரோமீட்டர் பூஜ்யம்தானே காட்டும்? அப்பல்லோவுக்கு எப்படி வழி தெரிந்தது?

ராத்திரிப்பறவை:
அப்பல்லோ நிலாக் கலங்களின் ஐஎம்யூவில் (கலத்தின் திசையையும் வேக மாற்றத்தையும் அளக்கும் கருவித் தொகுதி) திசைக்கு மூன்று ஜைரோ, வேக மாற்றத்துக்கு மூன்று ஆக்சிலரோமீட்டர் இருந்தன என்று படித்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு நிலாவுக்குப் போகும் மூன்று நாளும் எடையற்ற நிலைதானே. பிறகு எங்கே இருக்கிறோம் என்று எப்படித் தெரியும்?

மின்னல்கம்பி:
சரிதான், ஒன்றும் காட்டாது. ஆக்சிலரோமீட்டர் ஈர்ப்பை உணரவே உணராது, எஞ்சின் தள்ளுவதைத்தான் உணரும். உள்ளே சின்ன ஊசல் ஒன்று இருக்கும், அது நகரப் பார்த்தால் மின்துடிப்பு கொடுத்து பழைய இடத்திலேயே இழுத்துப் பிடிப்பார்கள். எத்தனை துடிப்பு என்று எண்ணினால் வேகம் எவ்வளவு மாறியது என்று கிடைத்துவிடும். மற்ற நேரமெல்லாம் ஈர்ப்பைக் கணினி கணக்குப் போட்டுத்தான் ஓட்டும், தரையிலிருந்து ரேடியோ அலையால் தூரமும் வேகமும் அளந்து ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறை திருத்தி அனுப்பும்.

பழையரேடியோ:
ஜைரோவை விட்டுவிட்டீர்களே. அது இடத்தைச் சொல்லாது, திசையைப் பிடித்து வைக்கும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும் என்பதால் அவ்வப்போது நட்சத்திரம் பார்த்துத் திருத்தியாக வேண்டும். 1968 டிசம்பரில் அப்பல்லோ 8 திரும்பி வரும்போது விண்வெளி வீரர் லவெல் கை தவறிக் கணினியில் 01 நிரலைக் கூப்பிட்டுவிட, கலம் இன்னும் ஏவுதளத்தில் நிற்கிறது என்று கணினி நினைத்துக்கொண்டது! ரைகல், சிரியஸ் என்ற நட்சத்திரங்களைப் பார்த்துத் திசையை மீட்டார். அப்பல்லோ 13-இல் அதுவும் முடியவில்லை, கலத்தில் நடந்த வெடிப்பின் சிதறல் சுற்றிலும் மினுங்கியதில் எது நட்சத்திரம் என்றே தெரியவில்லை. அதிலும் போன லவெல், திசைக் கோணங்களைத் தாய்க் கலத்திலிருந்து நிலாவில் இறங்கும் கலத்துக்குக் கையால் கணக்குப் போட்டு மாற்றினார் (கூட்டல் கழித்தல் சரியா என்று ஹூஸ்டனையும் பார்க்கச் சொன்னார்), அப்புறம் சூரியனை வைத்துச் சரிபார்த்தார்கள்.

ராத்திரிப்பறவை:
நன்றி, இப்போது புரிகிறது. ஜிம்பல் லாக் என்கிறார்களே, அது?

மின்னல்கம்பி:
ஜைரோ மேடை மூன்று சுழலும் வளையங்களுக்குள் இருக்கும், அந்த வளையம்தான் ஜிம்பல். நடு வளையம் 90 டிகிரியை நெருங்கினால் மற்ற இரண்டின் அச்சும் ஒன்றாகிவிடும், மேடை திசையை இழந்துவிடும். அப்பல்லோவுக்கு முந்தைய ஜெமினி கலத்தில் நான்காவது வளையம் இருந்தது, அப்பல்லோவில் எடுத்துவிட்டார்கள். "கிறிஸ்துமஸுக்கு நான்காவது ஜிம்பல் அனுப்புங்களேன்" என்று அப்பல்லோ 11-இல் விண்வெளி வீரர் காலின்ஸ் கேலி செய்தது இதைத்தான்.

பழையரேடியோ:
நாசாவின் புது நிலாக் கலமான ஓரியனில் இந்த வம்பே இல்லை, லேசர் ஜைரோவைக் கலத்தின் உடம்போடு இறுக்கிவிட்டார்கள். சொல்லப்போனால் அப்பல்லோவின் நிலாவில் இறங்கும் கலத்திலிருந்த அவசர வழிகாட்டிக் கருவியே 1969-இல் வளையமில்லாததுதான், அதில் சுழலும் ஜைரோ.