கேலிக்கு ஜெபம் பதிலாகுமா? ஆத்தங்குடிப் பட்டறையிலிருந்து ஒரு கேள்வி

பட்டறைக்காரன் (ஆத்தங்குடி):
பன்னிரண்டு ஆண்டுகளாகப் பூக்கல் போடும் வேலையில் இருக்கிறேன். கண்ணாடியின்மேல் அச்சை வைத்து, அதன் அறைகளில் சாயக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கியபின் சிமெண்டும் மணலும் இட்டு அழுத்துவோம். கல் தொட்டித் தண்ணீரில் ஊறிக் காய்ந்து கண்ணாடி கழன்ற பிறகுதான் பூ சரியாக விழுந்ததா, மூலை நின்றதா என்பது தெரியும். நான் ஞானஸ்நானம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தூக்குச்சட்டியைத் திறக்குமுன் கண்ணை மூடுவதைப் பார்த்த நாளிலிருந்து பட்டறையில் என் பெயர் ‘அல்லேலூயா’. யாருடைய கல் மூலை உடைந்து வந்தாலும் அதை என் முன்னால் வைத்து, “ஜெபம் பண்ணி ஒட்ட வை” என்பார்கள். இதைத் தொடங்கி வைத்தவர் எனக்கு அடுத்த மேடையில் வேலை செய்யும் மூத்தவர். அவரிடம் நான் ஒவ்வொரு முறையும், “உங்களுக்காக ஜெபிக்கிறேன், அண்ணே” என்று மட்டும் சொல்லி வருகிறேன்.

வேதாகமத்தில் வரும் யூதத் தலைவர் நெகேமியா, இடிந்து கிடந்த எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, கட்டியபோது அவருடைய எதிரிகளான சன்பல்லாத்தும் தொபியாவும் பரியாசம்பண்ணினார்கள். ஒரு நரி ஏறினாலே இந்தக் கல்மதில் இடிந்துபோகும் என்றான் தொபியா. நெகேமியா அவனோடு வாதாடவில்லை. தேவனிடம் முறையிட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார், 52 நாளில் அலங்கம் முடிந்தது. கேலிக்கு ஜெபமே போதுமான பதில் என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் சொல்லலாம்.

காரைக்குடி வழக்கறிஞர்:
தம்பி, நானும் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிறவன்தான், ஆனாலும் உங்கள் கருத்தோடு உடன்பட முடியவில்லை. நீங்கள் நெகேமியா புத்தகத்தின் நான்காம் அதிகாரத்தைப் படித்தீர்கள், இரண்டாம் அதிகாரத்தை விட்டுவிட்டீர்கள். அவர்கள் முதன்முதலில் நகைத்தபோது நெகேமியா முகத்துக்கு நேராகவே பதில் சொன்னார்: தேவன் எங்கள் காரியத்தைக் கைகூடிவரப்பண்ணுவார், எருசலேமில் உங்களுக்குப் பங்கும் இல்லை, பாத்தியமும் இல்லை என்றார். நீங்கள் சொல்லும் அதே நான்காம் அதிகாரத்தின் ஒன்பதாம் வசனத்திலும், ஜெபம்பண்ணி, இரவும் பகலும் காவல் வைத்தோம் என்றுதான் இருக்கிறது. வசனத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாம் பாதியை அடுத்த மேடைக்காரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டீர்கள்.

அப்போஸ்தலர் நடபடிகளில், பிலிப்பி பட்டணத்தில் விசாரணை இல்லாமல் அப்போஸ்தலன் பவுலையும் அவருடைய தோழர் சீலாவையும் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் சத்தமில்லாமல் போய்விடச் சொன்னபோது, ரோமரான எங்களை இப்படிச் செய்தவர்கள் தாங்களே வந்து வெளியே அழைத்துவிடட்டும் என்று அவர் கேட்டார், அதிகாரிகளும் வந்தார்கள். வேலை செய்யும் இடத்தில் நாள்தோறும் ஒருவரை நாலு பேர் நடுவில் குறுகச் செய்வது சின்ன விளையாட்டு அல்ல. முதலாளியிடம் சொல்லுங்கள், அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் கிடையாது.

தேவகோட்டை ஆசிரியர்:
வழக்கறிஞர் ஐயா மேற்கோள் காட்டிய அதே அதிகாரத்தில், அதிகாரிகள் வருவதற்கு முந்தைய நள்ளிரவில், தொழுமரத்தில் கால்கள் மாட்டப்பட்ட நிலையில் பவுலும் சீலாவும் இறைவனிடம் வேண்டிப் புகழ்ப்பா பாடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். (நாங்கள் ‘செபம்’ என்று எழுதுவோம், நீங்கள் ‘ஜெபம்’ என்று எழுதுகிறீர்கள். அதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.)

என் மறுப்பு வேறு. நெகேமியாவின் மன்றாட்டை முழுதாகப் படித்தால் அச்சமாக இருக்கிறது. அவர்களுடைய பழிச்சொல் அவர்கள் தலைமேலேயே விழட்டும், அவர்கள் குற்றத்தை மூடிவிடாதேயும் என்று அவர் கேட்கிறார். தம்மை அவமதித்தவர்களைப் பற்றிய கோபத்தை இறைவன் முன் கொட்டிவிட்டார். அது ஒருவர்மேல் கல் எறிவதைவிட மேலானதுதான். ஆனால் சிலுவையில் தொங்கிய இயேசு தம்மை எள்ளியவர்களுக்கு மன்னிப்பு வேண்டினார், அவருடைய சீடர் ஸ்தேவான் கல்லடி பட்டுச் சாகும்போது இந்தப் பாவத்தை இவர்கள்மேல் சுமத்தாதேயும் என்றார். இவற்றைப் படித்த பிறகு நாம் நெகேமியாவின் வார்த்தைகளையே வைத்து வேண்டலாமா?

எங்கள் ஊரிலிருந்து திருவாடானை வழியாகப் போனால் ஓரியூர் வரும். போர்த்துகலிலிருந்து வந்த குரு ஜான் டி பிரிட்டோ, அதாவது புனித அருளானந்தர், 1686ஆம் ஆண்டு மறவ நாட்டில் (இராமநாதபுரம் சீமையில்) பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு விடுதலையானவர். ஐரோப்பா போய்விட்டு மறுபடியும் அதே மண்ணுக்கு வந்தார். 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று ஓரியூரில், முழங்காலிட்டு வேண்டிய பிறகே வாளுக்குத் தலை கொடுத்தார். எதிர்ப்புக்குச் செபம் பதிலாகுமா என்று கேட்பவர்களை நான் அந்தச் சிவந்த மணல்மேட்டுக்கு அழைத்துப் போவேன்.

காரைக்குடி வழக்கறிஞர்:
ஆசிரியர் ஐயா, தலை போன இடத்தையும் மூலை உடைந்த கல்லையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். கேலி செய்யப்பட்டவர்கள் எல்லாரும் தங்களை இரத்தசாட்சிகளாக நினைக்கத் தொடங்கினால் சபையில் உட்கார இடம் இருக்காது.

கானாடுகாத்தான் ஆச்சி:
நான் கிறிஸ்தவள் அல்ல, முருகனைக் கும்பிடுகிறவள். எங்கள் வளவில் முகப்பு முதல் இரண்டாம் கட்டு வரை ஆத்தங்குடிக் கல்தான் என்பதால், கல் போடுகிறவர் எழுதியதை நின்று படித்தேன். அப்பச்சி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்கு உறுத்துவது கேலி செய்தவர் பேச்சைவிட நீங்கள் சொன்ன பதில்தான். நாலு பேர் முன்னால் ஒருவரிடம் “உங்களுக்காக ஜெபிக்கிறேன்” என்று சொன்னால், நீ பாவி, நான் மேலே நிற்கிறேன் என்றுதான் அவர் காதில் விழும். என் மாமியார் இப்படித்தான், சண்டை முடிந்ததும், “முருகன் உனக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்” என்பார். அதைக் கேட்பதற்கு இரண்டு வசவு வாங்கியிருக்கலாம் என்று இருக்கும். அந்த மூத்தவருக்காக வேண்டுவதாகச் சொல்கிறீர்களே, அவருக்கு என்ன குறை என்று தெரியுமா? தெரியாமல் சாமியிடம் என்னவென்று கேட்கிறீர்கள்?

பட்டறைக்காரன் (ஆத்தங்குடி):
ஆச்சி கேட்டதற்கு உடனே பதில் எழுத முடியவில்லை, நாலு நாள் ஆகிவிட்டது. வழக்கறிஞர் அண்ணன் சொன்ன இரண்டாம் அதிகாரத்தைப் படித்தேன். நெகேமியா பேசாமல் இருந்துவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஜெபம் முதலில் வரவேண்டும் என்பதிலிருந்து நான் விலகவில்லை. அலங்கம் கட்டப் போகுமுன், அவர் பணி செய்த பெர்சிய ராஜா “நீ கேட்கிற காரியம் என்ன” என்று கேட்ட அந்தக் கணத்தில்கூட நெகேமியா முதலில் தேவனை நோக்கி ஜெபித்துவிட்டுத்தான் ராஜாவிடம் வாய் திறந்தார். அந்த ஜெபம் ராஜாவின் காதில் விழவில்லை. நான் மூன்று ஆண்டுகளாக ஜெபித்ததைவிட, ஜெபிக்கிறேன் என்று சொன்னதுதான் அதிகம்.

நேற்று மதியம் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு மூத்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “என்ன அல்லேலூயா, இங்கே வந்துவிட்டாய்” என்றார். கண்ணை மூடினேன், சாப்பிட்டோம். அவர் இடது கையால் சாப்பிட்டார். வலது கை விரல் இடுக்கெல்லாம் சிமெண்ட் தின்று, வெள்ளையாகப் பிளந்து, உள்ளே சிவந்து கிடந்தது. அந்தக் கையால் அழுத்த முடியாததால்தான் அவருடைய கல் மூலை நிற்பதில்லை. என் முன்னால் கொண்டுவந்து வைக்கப்பட்டவற்றில் பாதி அவர் போட்ட கற்கள்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இராத்திரி அந்தக் கைக்காக ஜெபித்தேன், அவரிடம் சொல்லவில்லை. வழக்கறிஞர் அண்ணன் சொன்னபடி இன்று முதலாளியிடம் போனேன். எல்லாருக்கும் கையுறை வேண்டும் என்று கேட்டேன், திங்கட்கிழமை வாங்கித் தருவதாகச் சொன்னார். பட்டறையில் இன்னும் என் பெயர் அல்லேலூயாதான்.